செப்புக் கூரைக்குக் கீழே செவலை

"ம்ம்ம்ஹூங்!"

இருட்டினதும் இப்படி ஒரு சத்தம். நம்ம வீட்டுல இல்லடி தங்கம், கதையில. கிட்ட வந்து படுத்துக்கிட்டுக் கேளு.

ஒரு ஊர்ல ஒரு ராஜா. உலை கொதிக்கிறதுக்குள்ள சுத்தி வந்துடலாம், அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். வடிவுன்னு ஒரு ராணி, தொட்டில்ல ஒரு பிள்ளை, கொட்டகையில ஒரு செவலைப் பசு. பக்கத்து ராஜா பார்த்து வயிறெரியணும்னு, கொட்டகையோட கீத்துக் கூரையைப் பிரிச்சுட்டு செப்புத் தகடு வேய்ஞ்சாராம். "என் கதவுத் தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்கே, கொல்லரை அனுப்புங்க"ன்னா ராணி. "முதல்ல கூரை!"ன்னுட்டார்.

கோடை வந்துச்சு. கூரை பளபளன்னு மின்னுச்சு, கீழே செவலை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குச்சு. நடுப்பகல்ல ராஜா காளையைக் கூட்டி வந்தார், சினை தங்கலை. மறுபடியும் கூட்டி வந்தார், தங்கலை. மூணாந்தரம் காளையே நிழலைத் தேடி ஓடிப்போச்சு!

"மலட்டு மாடு! நாளைக்கே கறிக்குத் தள்ளுங்க!"ன்னார் ராஜா.

அன்னிக்கு ராத்திரிதான் அந்தச் சத்தம். ராணி பிள்ளையை இறுக்கிக்கிட்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவுல முதுகை முட்டுக்கொடுத்து நின்னா. பேயா, பிசாசா? அப்புறம் காது கொடுத்துக் கேட்டா, அப்புறம் மெல்ல எட்டிப் பார்த்தா, அட, செவலை! பகல் வெக்கையில சத்தமே போடாதது, காத்து குளிர்ந்ததும் காளையைக் கேட்டுக் கத்துது!

விடிஞ்சதும், "மாட்டுல குறையில்லை மகாராஜா, உங்க கூரையிலதான். ஒரு மத்தியானம் அங்க நின்னு காட்டுங்க, அப்புறம் விக்கலாம்"னா.

மத்தியானம் கிரீடமும் பட்டுமா கொட்டகைக்குள்ள போனவர், கொஞ்ச நேரத்துல வெளியே வந்து விழுந்தார்.

"இப்பவே இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கட்டுமா? பொண்ணு தயாரா இருக்கா"ன்னு ராணி சிரிச்சா.

"கல்யாணமும் வேணாம், கச்சேரியும் வேணாம், தண்ணி கொடுடி!"

"செவலையும் அதைத்தான் சொல்லுச்சு."

அதுக்கப்புறம் செவலையை வேப்பமர நிழல்ல கட்டினாங்க. அடுத்த தரம் அது கத்தின ராத்திரி விடியுற நேரத்துல காளை வந்துச்சு, சினை தங்குச்சு.

திருந்தினாரா? அடுத்த கோடையில மாட்டுக்கு நிறைமாசம். "பக்கத்து ராஜா வர்றார், செப்புக் கூரைக்குக் கீழே கட்டுங்க!"ன்னார்.

"வயித்துல இருக்கிற கன்னும் சேர்ந்துல்ல வேகும்? நோஞ்சானா பிறக்கும். வளர்ந்தாலும் பால் கம்மியாத்தான் கறக்கும்"னு, செவலையைக் குளுகுளுன்னு இருந்த அரண்மனைக்குள்ளயே ஓட்டி வந்துட்டா ராணி.

"இங்க மாடா, நானா?"

"மாடு!"

ராணி கூப்பிட்டுவிட்ட கொல்லர், கூரையிலேர்ந்து ஒரு தகட்டைப் பிரிச்சு உருக்கி அவளுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடிச்சுக் கொடுத்தார். கோவிச்சுக்கிட்ட ராஜா, மத்தியானத் தூக்கத்துக்கு, தான் ஆசையா போட்ட கூரைக்குக் கீழேயே பாயை விரிச்சு, புரண்டு புரண்டு பார்த்து, ஓடி வந்து கதவைத் தட்டினார். "வடிவு, வேகுதடி!"

"ம்ம்ம்ஹூங்"னு உள்ளேயிருந்து செவலை பதில் சொல்லுச்சு. பக்கத்துல கொழுகொழுன்னு, அன்னிக்கு விடியக்காலையில பிறந்த கன்னு.

பசுவும் உள்ளே, பிள்ளையும் உள்ளே, பெருமை பிடிச்சவர் வெளியே. ராணி தாழ்ப்பாளைப் போட்டா. டக்!