ராக்கம்மாவின் இலக்கண நோட்டு

திண்டுக்கல்லில் ராக்கம்மாவிடம் கார் ஓட்டப் பழகிய பெண்கள் முந்நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. எதிரே வருகிற லாரியையே ஒதுங்கு என்று கை காட்டி ஒதுக்குகிற ஆள். ஆனால் இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

இலக்கணம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. நவுன் என்றால் ஆளுக்கும் ஊருக்கும் பொருளுக்கும் உள்ள பெயர். ப்ரொநவுன், அந்தப் பெயருக்குப் பதிலாக வந்து நிற்பது. வெர்ப், நடக்கிற காரியம். அட்வெர்ப், அந்தக் காரியம் எப்படி நடந்தது என்பது. அட்ஜெக்டிவ், பெயருக்குப் பூவும் பொட்டும் வைப்பது. ப்ரெபோசிஷன், மேலேயா கீழேயா உள்ளேயா என்று இடம் காட்டுவது. கன்ஜங்ஷன், இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போடுவது. இன்டர்ஜெக்‌ஷன், ஐயோ அம்மா என்பது. எட்டையும் தூக்கத்தில் தட்டிக் கேட்டால்கூடச் சொல்வாள். மூன்று மாதத்தில் இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. இரண்டுக்கும் பிரவுன் அட்டை போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தாள்.

கற்றுக்கொடுத்தது சுலைகா மிஸ். வயது இருபத்தேழு. பேகம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. ராக்கம்மா அவளை மிஸ் என்பாள். அவள் ராக்கம்மாவை அக்கா என்பாள்.

"அக்கா, வாட் டூ யூ டூ?" என்று ஒருநாள் சுலைகா கேட்டாள்.

ராக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"மிஸ், இதுல ரெண்டு டூ வருது. எது ஹெல்பிங் வெர்பு, எது மெயின் வெர்பு?"

"முதல்ல வர்றது ஹெல்பிங் வெர்பு. கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"அதை எழுதிக்கிறேன் மிஸ்."

எழுதிக்கொண்டாள். பதில் வரவில்லை. மூன்று மாதமாக இதே கூத்துத்தான்.

சும்மா பொழுது போக்க அவள் இங்கிலீஷ் படிக்க வரவில்லை. மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம், பெண்களுக்கு வேன் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி தொடங்குகிறது. தலைமைப் பயிற்சியாளர் வேண்டுமாம். நேர்காணலுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வருகிறார், அவரோடு கொஞ்சமாவது இங்கிலீஷில் பேச வேண்டும். இப்போது இருக்கிற டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பெயர் 'லேடீஸ் டிரைவர்'. முதலாளியின் மச்சான் அவளிடமே ஸ்டியரிங் பிடிக்கப் பழகியவர், இன்று அவளுக்கு மேனேஜர். இந்த மதுரை வேலை கைவிட்டுப் போனால் இன்னொன்று வரப்போவதில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நேர்காணலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"இந்த இலக்கணம் எப்ப முடியும்? ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் பாக்கி இருக்கு. பன்னெண்டு டென்ஸ்ல ஏழுதான் முடிஞ்சிருக்கு. முழுசாத் தெரிஞ்சுட்டா நான் பேசிடுவேன்."

"முழுசாத் தெரியாம பேசினா என்ன ஆகும்?"

ராக்கம்மா நோட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்று மலைக்கோட்டைக்கு வழி கேட்டார்கள். தெரிந்த இங்கிலீஷில் இவள் கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். அவர்களுக்குப் புரிந்தது, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆபீஸில் இருந்தவர்கள்தான் விடவில்லை. ஒரு மாதம் அவளைப் பார்த்தாலே அதே மாதிரி கையை ஆட்டிப் பேசிக் காட்டினார்கள்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன் மிஸ். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியாது."

சுலைகா கரும்பலகையைத் துடைத்தாள். டஸ்டரைத் தட்டினாள்.

"காலையில முதல் வண்டி எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"ஆறு மணிக்கு. எதுக்கு மிஸ்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சுலைகா விளக்கை அணைத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் பார்த்தால், பழனி ரோட்டில் காருக்குப் பக்கத்தில் சுலைகா நிற்கிறாள். கையில் புது நோட்டு. பிரவுன் அட்டை, மூலையில் மஞ்சள்.

"எனக்கு வண்டி கத்துக்கணும்க்கா. பத்து நாள் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கேன்."

ராக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மிஸ்ஸைத் தன் கையால் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாள். தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பழக்குகிறவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அதில் காலை வைத்துக்கொண்டாள்.

"மிஸ், இது கிளட்ச். இடது காலால அமுக்குங்க."

சுலைகா நோட்டைத் திறந்தாள். "கிளட்ச் என்றால் என்ன?"

"இன்ஜினையும் சக்கரத்தையும் பிரிச்சு விடறது."

"எத்தனை வகைப்படும்?"

"அதெல்லாம் எதுக்கு மிஸ்?"

"எழுதிக்கணும்."

எழுதினாள். அடிக்கோடு போட்டாள். அன்று வண்டி நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் நின்றது. இரண்டாம் நாள் ஆக்ஸிலரேட்டர். மூன்றாம் நாள் கியர், அதில் ஐந்தும் ரிவர்ஸும் தனித்தனித் தலைப்பு. அந்த வழியாக நடைப்பயிற்சி போன ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனார். ராக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

நான்காம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இந்த நோட்டை இப்படிக் குடுங்க." பிடுங்கிப் பின்சீட்டில் போட்டாள். "வண்டியை எடுங்க."

"இன்னும் ஹேண்ட் பிரேக் பாக்கி இருக்குக்கா."

"எடுங்கன்னா எடுங்க மிஸ்."

"தப்பாப் போயிடுச்சுன்னா?"

"போகத்தான் செய்யும். யாருக்குத்தான் முதல் நாளே..." ராக்கம்மா பாதியில் நிறுத்தினாள். சுலைகாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு கோபமும் வந்தது.

"எனக்குப் பாடம் சொல்லத்தானே மிஸ் இந்த நாடகம்? புரிஞ்சு போச்சு. போதும், இறங்குங்க."

சுலைகா இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"முதல் நாள் நாடகம்தான்க்கா. இப்ப நிஜமாவே பயமா இருக்கு. நான் நாலு தடவை எல்.எல்.ஆர். எடுத்திருக்கேன். கம்ப்யூட்டர்ல கேட்ட கேள்வி அத்தனைக்கும் சரியாப் பதில் சொல்லிட்டேன். ஒரு தடவைகூட வண்டி எடுத்ததில்லை. மூணு காலாவதி ஆகிடுச்சு, இது நாலாவது."

ராக்கம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை படித்த பெண்ணுக்கா இந்த நிலைமை என்று பாவமாக இருந்தது.

"சரி மிஸ். நான் இருக்கேன்ல. கிளட்சை அமுக்குங்க."

"இங்கிலீஷ்ல சொன்னாத்தான் அமுக்குவேன்."

"மிஸ், விளையாடாதீங்க."

"நீங்க பேசாம நான் ஓட்ட மாட்டேன்க்கா."

அவள் ஓட்ட மாட்டேன் என்கிறாள். இவளுக்குப் பேச வரவில்லை. நல்ல ஜோடி. சாலை குறுகுகிற இடத்தில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு பால் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. வேன்காரர் தலையை வெளியே நீட்டி, என்ன ஏது என்று கேட்டார். ராக்கம்மா கிளட்சைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ப்ரெஸ்," என்றாள். சத்தமே வரவில்லை. தொண்டையைச் செருமினாள். "ப்ரெஸ் கிளட்ச்."

சுலைகா அமுக்கினாள்.

"ஃபர்ஸ்ட் கியர். நவ் லீவ். ஸ்லோ. ஸ்லோ, ஸ்லோ. நோ ஃபுல் லீவ், லிட்டில் லிட்டில் லீவ்."

வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பால் வேன் மறுபடி ஹார்ன் அடித்தது. சுலைகாவின் கண் கலங்கிவிட்டது.

"ஓகே, ஓகே. நத்திங் ஹாப்பன். அகெய்ன்" என்றாள் ராக்கம்மா. "யூ நோ லுக் பேக். தட் மேன் வெயிட். யூ லுக் ஃப்ரன்ட்."

ஏழாவது தடவை வண்டி நகர்ந்தது. பால் வேன்காரர் தாண்டிப் போகும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். பிறகு நேராகப் பெட்ரோல் பங்க் வரை போனார்கள். வழியெல்லாம் ராக்கம்மாவின் வாய் ஓயவில்லை. லெஃப்ட் என்றாள், குறுக்கே மாடு வந்ததும் கௌ கமிங் என்றாள், கௌ நோ ஹரி, யூ நோ ஹரி என்றாள். பங்கில் நிறுத்தியதும்தான் தான் என்ன பேசினோம் என்பதே அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள்.

சுலைகா இன்ஜினை அணைத்தாள். இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

மீதி நாட்களும் அப்படியே போயின. காலையில் ராக்கம்மா பேசினாள், சுலைகா ஓட்டினாள். சாயங்கால வகுப்பில் இலக்கணம் நடத்த சுலைகா மறுத்துவிட்டாள். காலையில் வழியில் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். ராக்கம்மா தட்டுத்தடுமாறி மாட்டைப் பற்றியும் பால் வேனைப் பற்றியும் சொன்னாள். மற்ற மாணவர்கள் ஓரிரு தரம் சிரிக்கத்தான் செய்தார்கள். முதல் தரம் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. இரண்டாம் தரம் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

மதுரையில் நேர்காணல். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வெளிநாட்டம்மா, தலை முழுக்க நரை. வண்டியைப் பற்றியும் லைசென்ஸைப் பற்றியும் மற்ற இருவரும் தமிழில் கேட்டார்கள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கடைசியாக அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார். பயந்து நடுங்குகிற ஒரு பெண்ணுக்கு நீங்கள் எப்படிக் கற்றுத்தருவீர்கள்?

கேள்வி புரிந்தது. புரிந்ததுதான் தாமதம், எட்டு வகைச் சொற்களும் வரிசையாக வந்து முன்னால் நின்றுகொண்டன. அஃப்ரெய்ட் அட்ஜெக்டிவ். டீச் வெர்ப். வுமன் நவுன். வாய் பூட்டிக்கொண்டது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது சுலைகாவின் நடுங்கின விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சொல்லை விட்டுவிட்டு அந்த விரல்களையே நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"ஷீ சிட். ஐ சிட் சைடு. ஷீ அஃப்ரெய்ட், ஹேண்ட் ஷேக். ஐ நோ ஷவுட். கார் ஜம்ப், கார் ஸ்டாப். ஷீ க்ரை, ஐ வெயிட். ஐ சே, நத்திங் ஹாப்பன், அகெய்ன். டென் டைம், ட்வென்டி டைம், அகெய்ன். ஒன் டே ஷீ கோ. ஐ நோ டச் எனிதிங். ஐ ஒன்லி சிட்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். இதை உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டார்.

"மை ஸ்டூடன்ட்," என்றாள் ராக்கம்மா. "ஷீ இஸ் மை டீச்சர் ஆல்ஸோ."

வேலை அவளுக்குத்தான். அங்கேயே சொல்லிவிட்டார்கள், ஒன்றாம் தேதி வரச்சொல்லி.

பஸ் பிடித்து நேராகப் பேகம்பூருக்கு வந்தாள். வகுப்பு முடிந்து சுலைகா தனியாக இருந்தாள். வேலை கிடைத்ததைக் கேட்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பிறகு ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க மிஸ். மறைக்கக் கூடாது. எத்தனை தப்பு?"

சுலைகா விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை முடிந்து மறுகைக்குப் போனாள். அதுவும் முடிந்தது.

"பதிமூணு."

ராக்கம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. "பதிமூணா? ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்குமே மிஸ்."

"இருக்கே."

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று பைக்குள் கையை விட்டாள்.

சுலைகா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாளைக்கு வாங்கக்கா. பிள்ளை பொறந்தாச்சு, இனி நிதானமாப் பேர் வைக்கலாம்."