கடைமடைக்காரியின் கேள்வி

பூவரசங்குளத்து ஏரி மதகின் சாவி ஒன்பது வருடமாகக் குரு அம்பலவாணரிடம்தான் இருந்தது. ஊர்ச்சபை கொடுத்த சாவி. வேண்டாமென்றால் சபையே வாங்கிக்கொள்ளலாம். சீடர் மாசிலாமணிக்குக் குருவை நினைத்து ஏகப்பட்ட பெருமை. ஒரே ஒரு மனக்குறை.

"சாமி, உங்களை மாதிரி ஒருத்தர் கையில சாவி இருக்கு. அப்புறம் எதுக்கு மாசாமாசம் ஊரைக் கூட்டி, கண்டவங்களையும் கேள்வி கேட்க விடுறீங்க?"

"இன்னைக்குச் சபை இருக்கு. வாங்க, போகலாம்" என்றார் குரு. சீடர் தன்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் பேச்சில் மரியாதை குறையாது.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்பவர் உட்கார்ந்தபடியே கேட்கலாம். பதில் சொல்பவர், எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரானாலும், எழுந்து நிற்க வேண்டும்.

வாய்க்கால் முடியும் கடைமடையில் அரைக்காணி நெல் போட்டிருந்த வீராயி, உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"புதன்கிழமை எங்க முறை. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி வரல. கதிர் வர்ற நேரத்துல பயிரு கருகுது. தண்ணி எங்க போச்சு சாமி?"

மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது.

"யாரைப் பார்த்து என்ன கேக்குறே?"

துள்ளி எழுந்த சீடரின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுக் குரு எழுந்தார்.

"பண்ணையார் வயலுக்குப் போச்சும்மா. ஒழுகுன மடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர் அவரு. ஒருநாள் தண்ணி கூடுதலா வேணும்னாரு. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. திறந்துவிட்டுட்டேன். தப்புதான்."

சபையில் உட்கார்ந்திருந்த பண்ணையார் தலை குனிந்தார். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பண்ணையாரின் அடுத்த முறைத் தண்ணீர் கடைமடைக்கு என்று தீர்மானமானது. சாவி வீராயி கைக்குப் போனது. அதற்குக் குருவும் கை தூக்கினார்.

திரும்பும் வழியில் மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. நம்பியிருந்தவர் தப்புச் செய்துவிட்டாரே என்ற வேதனை ஒரு பக்கம், ஊர் முன்னால் நிற்க வைத்துவிட்டார்களே என்ற கோபம் மறுபக்கம். குருவோ, பிள்ளை முதல் பரிசு வாங்கிய தகப்பனைப் போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

"மானம் போச்சே சாமி. உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வருது?"

"நானும் நூறு ஊர் சுத்தியிருக்கேன், மாசிலாமணி. எங்க போனாலும் என்னைப் பார்த்ததும் அவங்கதான் எழுந்து நின்னாங்க. நம்ம ஊரு ஒண்ணுதான் என்னை எழுந்து நிக்க வச்சுது."