கோபம் வருகிறது, பராக்!

முன்னொரு காலத்தில் புன்னைநாட்டை விக்கிரமவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தன் ராணியை அவன் கடைசியாக உயிரோடு பார்த்தது வேட்டைக்குக் கிளம்பிய ஒரு காலையில். மடியிலிருந்த பிள்ளைக்கு அவள் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "வந்து பேசிக்கொள்ளலாம்" என்று போய்விட்டான். ஐந்தாம் நாள் திரும்பியபோது காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிருந்தது. ராஜா அழவில்லை. "இனி இந்தச் சபையில் யாரும் அழக்கூடாது" என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டினான்.

மூன்று வயது இளவரசன் நம்பிக்குப் பலகை படிக்கத் தெரியுமா? பால் வேறு கிண்ணத்தில் வந்தால் அழுகை. பழம் உரிக்கும்போது உடைந்தால், "ஒட்டு! ஒட்டிக் குடு!" என்று தரையில் உருண்டான். வேறு பழம் கொடுத்தால் வேண்டாம். உடைந்த அதே பழம்தான் ஒட்ட வேண்டும். வைத்தியர் கஷாயம் கொடுத்தார், துப்பினான். ஜோசியர் தாயத்துக் கட்ட வந்தார், கடித்தான்.

"எதிரிப் படையைச் சமாளித்துவிட்டேன். இந்த வாழைப்பழத்தை என்னய்யா செய்வது?" என்று ராஜா தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

பிரதானி வல்லபராயர் எழுந்தார். அவருக்குப் பதினொரு பட்டங்கள். சபைக்கு யார் வந்தாலும் கோலைத் தட்டிப் பெயர் அறிவிக்கும் கட்டியக்காரன் இடும்பன், ஒருநாள் அதில் ஒன்றை விட்டுவிட்டான். அந்த எரிச்சல் அவருக்கு ஆறவே இல்லை.

"பிரபு, இந்த இடும்பன் தொண்டையால் பிள்ளையின் அழுகையை அமுக்கட்டும். மூன்று நாளில் அடங்காவிட்டால் பிள்ளையை ஏழு வயதுவரை மலைக்கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள். இவன் ஊரை விட்டே போகட்டும்."

அலுத்துப்போயிருந்த ராஜா தலையாட்டிவிட்டான்.

மறுநாள் பழம் உடைந்தது. நம்பி மூச்சை இழுத்தான். இடும்பன் கோலைத் தட்டினான்.

"முகம் சிவக்க, கால் உதைக்க, பழம் உடைந்த கோபம் வருகிறது, பராக்!"

பிள்ளை வாய் திறந்தபடியே வாசலைப் பார்த்தான். "எங்க?"

"உங்கள் வயிற்றுக்குள் வந்துவிட்டார், இளவரசே. உட்காரச் சொல்லலாமா?"

நம்பி வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "உக்காரு" என்றான். பிறகு அழத்தான் செய்தான், ஆனால் உருளவில்லை.

அத்தோடு தீர்ந்ததா? சாயங்காலமே நம்பி இடும்பனின் கையைக் கடித்தான். இரண்டாம் நாள் இடும்பன் "பயம் வருகிறது" என்று அறிவிக்க, "பயம் இல்ல! அழுக!" என்று கத்தினான். மன்னிப்புக் கேட்டு மறுபடி அறிவிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் சபை கூடியது. வல்லபராயர் ஒரு பழத்தை எடுத்து, பிள்ளையின் கண்ணெதிரே வேண்டுமென்றே இரண்டாக ஒடித்து ராஜாவின் கையில் வைத்தார். நம்பியின் முகம் சிவந்தது. இடும்பனின் கோலைப் பிடித்துத் தரையில் தட்டினான்.

"கோவம் வருது, பராக்!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன கூத்து இது!" வல்லபராயர் குதித்தார். "அடக்கச் சொன்னால் அறிவிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான்!"

நம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா வயித்துல கோவம் வருது, பராக்!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். "இடும்பா, இது என்ன மந்திரம்?"

"மந்திரமில்லை, மகாராஜா. பெயர் சொல்லாமல் நிறுத்தி வைத்தால்தான் வாசலில் தள்ளுமுள்ளு. பெயர் சொல்லி உள்ளே விட்டால், வந்தவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானே போய்விடுவார். என் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்."

ராஜா குனிந்து கையிலிருந்த பழத்தைப் பார்த்தான். நம்பி அருகே வந்து அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தான். இந்த முறை மெதுவாகத் தட்டினான்.

"அப்பாவுக்கு அழுக வருது, பராக்."

சபையோரின் கண்கள் வாசல் பலகைக்குப் போயின.

"உட்காரச் சொல்லப்பா" என்றான் ராஜா. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் அழுதான்.

மலைக்கோட்டைப் பேச்சு அன்றோடு நின்றது. இடும்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. வல்லபராயருக்குப் பன்னிரண்டாவது பட்டம் கிடைத்தது: இளவரசருக்குப் பழம் உரிப்பவர். அதை மட்டும் இடும்பன் ஒருநாளும் விடாமல் அறிவித்தான்.

வாசலில் இப்போது பலகை இல்லை. இரண்டு கோல்கள் இருக்கின்றன. ஒன்று ஆள் உயரம், மற்றது முழ உயரம்.