அட்டையில் மூன்று ஓட்டை

குன்னியூர் ராஜா சேதிராயருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால், அதைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறவனைப் பிடிக்காமல் போய்விடும். இது லாயத்துக் குதிரைக்குக்கூடத் தெரியும். சபை விகடர் திருமேனிக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டார்.

பட்டணத்திலிருந்து ஏஜெண்டு ஜம்புலிங்கம் ஒரு நீளமான பெட்டியோடு வந்திருந்தார். பெட்டி நிறையப் புதுத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை.

"மகாராஜா, இது பட்டறையில் தட்டிச் செய்த சரக்கு இல்லை. சீமைத் தொழிற்சாலையில் இயந்திரம் கடைந்தது. நூறு கஜத்தில் சுட்டுப் பார்த்து, அந்த அட்டையையும் கூடவே அனுப்புகிறார்கள். பாருங்கள்!"

அட்டையில் மூன்று ஓட்டை இருந்தது. ராஜா ஒரு கால் ரூபாய்க் காசை மேலே வைத்தார். மூன்றும் மறைந்துவிட்டன.

"அடடா! இந்த விஜயதசமிக்கு இதையே எடுத்துவிடலாம்" என்றார் ராஜா. ஆண்டுதோறும் அன்றைக்கு ஊர் கூடி நிற்க, அவர் வாழைமரத்தின் மேல் அம்பு போடுவது வழக்கம்.

"அட்டை நன்றாக இருக்கிறது மகாராஜா. துப்பாக்கி எப்படியோ" என்றார் திருமேனி.

ஏஜெண்டை அழைத்து வந்தவரே தளவாய் வீரபாகுதான். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"விகடருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தீர்த்துவைக்க வேண்டாமா? இந்த வருஷம் வாழைமரத்துக்குப் பதில் இவரே நிற்கட்டும், கையில் ஒரு தேங்காயைப் பிடித்துக்கொண்டு. மகாராஜா நூறு கஜத்திலிருந்து அதை உடைக்கட்டும்."

"பலே! அப்படியே ஆகட்டும்" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

திருமேனி தம் வலது உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சாப்பிடுகிற கை. பேசும்போது ஆட்டுகிற கை. விஜயதசமிக்கு இன்னும் நாலே நாள் இருந்தது.

"உத்தரவு மகாராஜா. அடியேனுக்கும் ஒரு துப்பாக்கி கொடுங்கள். ஆயுதசாலை மூலையில் கிடக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கியே போதும்."

மறுநாள் முழுக்க ஏரிக்கரைக்கு அப்பால் டுமீல் டுமீல் என்று சத்தம். காக்கைகள் ஊரைக் காலி செய்துகொண்டு போயின. "பயத்தில் மூளை கலங்கிவிட்டது, பாவம்" என்றார் தளவாய்.

அதற்கடுத்த நாள் திருமேனி சபைக்கு வந்தார். முகமெல்லாம் கரி. தோள் வீங்கியிருந்தது. கையில் ஓர் அட்டை, அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் துணி, துணியில் மூன்று ஓட்டை.

ராஜா காசை வைத்தார். மூன்றும் மறைந்தன.

"நீயா சுட்டாய்?"

"இந்தக் கையால்தான் மகாராஜா."

"அந்தக் கோணல் குழலிலா?"

"அதே கோணல் குழலில்தான். சீமை அட்டையும் நம் அட்டையும் சமமாகிவிட்டதல்லவா? அதனால் ஒரு விண்ணப்பம். திருவிழாவில் அடியேன் சுடுகிறேன். தளவாய் தேங்காயைப் பிடித்துக்கொள்ளட்டும். அட்டைமேல் அவருக்குத்தான் அத்தனை நம்பிக்கை."

"நியாயந்தானே, தளவாய்?"

தளவாய் ஓடிவந்து ராஜாவின் முன்னால் நின்றார். "மகாராஜா! இந்த மனுஷன் ஜன்மத்தில் துப்பாக்கியைத் தொட்டதில்லை! மூன்று ஓட்டை இருக்கிறது, சரி. அதற்கு எத்தனை தடவை சுட்டார்? மற்ற குண்டெல்லாம் எங்கே போயிற்று? முதலில் அதைச் சொல்லச் சொல்லுங்கள்!"

திருமேனி இரண்டு கையையும் கூப்பினார். "உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், தளவாய்! இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் தவம் கிடந்தேன்."

அவர் கண்ணைக் காட்ட, இரண்டு சேவகர்கள் ஒரு பெரிய வெள்ளைப் படுதாவை விரித்துப் பிடித்தார்கள். சல்லடைதான்! மேல் மூலையில் மட்டும் ஒரு சதுரத் துண்டைக் காணோம். திருமேனி தம் அட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"நூற்றிருபது தடவை சுட்டேன் மகாராஜா. மூன்று குண்டு நெருங்கி விழுந்த இடத்தைக் கத்தரித்து ஒட்டினேன். மிச்சத்தைக் காட்டி உங்கள் நேரத்தை வீணாக்குவானேன்?"

ஏஜெண்டு துள்ளி எழுந்தார். "எங்கள் தொழிற்சாலை அப்படியெல்லாம் செய்யாது!"

"செய்யாதென்றே வைத்துக்கொள்வோம் ஐயா. பெட்டியிலிருந்து ஏதாவது ஒன்றை மகாராஜாவே எடுக்கட்டும். கை நடுங்கிற்று என்ற பேச்சு வராதபடி மணல் மூட்டைமேல் வைத்து நீங்களே சுடுங்கள். ஒரே அட்டை. இருபது குண்டு. ஒன்றையும் தள்ளக் கூடாது."

அரண்மனைத் தோட்டத்தில் நூறு கஜம் அளந்தார்கள். முதல் மூன்று குண்டும் காசுக்குள் அடங்கிவிட்டன.

"பார்த்தீர்களா!" என்று ஏஜெண்டு எழுந்தார்.

"உட்காருங்கள். இன்னும் பதினேழு இருக்கிறது."

குழல் சூடேற ஏற, ஓட்டைகள் காலாற நடக்க ஆரம்பித்தன. ஒன்று இடப்பக்கம், இரண்டு மேலே, ஒன்று அட்டையின் ஓரத்துக்கே போயிற்று. இருபதும் முடிந்ததும் ராஜா காசை வைத்துப் பார்த்தார். நாலுதான் மறைந்தது. வெற்றிலைத் தட்டை வைத்தார். போதவில்லை. கடைசியில் பழம் வைத்திருந்த தாம்பாளத்தைக் கவிழ்த்த பிறகுதான் எல்லாம் மறைந்தன.

ராஜா தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு திருமேனியின் கையைப் பார்த்தார்.

"துப்பாக்கி மோசமில்லை. அட்டைதான் அளக்கிறது" என்றார். "ஏஜெண்டு, இனிமேல் துப்பாக்கிக்கு இருபது குண்டு, நம் கண்ணெதிரே. தேறினதை மட்டும் வைத்துவிட்டுப் போம்." தம் மோதிரத்தைக் கழற்றித் திருமேனியின் வலது கையிலேயே போட்டுவிட்டார்.

பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது.

"அடடே, நான் தேங்காய் உடைக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டாயிற்றே! இப்போது என்ன செய்வது?"

"தாராளமாக உடையுங்கள் மகாராஜா" என்றார் திருமேனி. "ஒரே ஒரு மாற்றம். நீங்கள் முதலில் சுட்டுவிடுங்கள். குண்டு எங்கே போய் விழுந்தது என்று பார்த்துக்கொண்டு, உடைந்த தேங்காயோடு நான் அங்கே ஓடிப்போய் நின்றுகொள்கிறேன்!"