ராகுகாலத்துக்கு முன் திறந்த கணினி

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை பத்தேகால். பதினொரு வயதான நூலகக் கணினிக்குச் சந்தனப்பொட்டு வைத்தாள் தற்காலிக ஆபரேட்டர் கோமளவல்லி. இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் சரி என்று அவள் சொன்னதற்கு, "ஓசிச் சரக்கு வேண்டாம். காசு கொடுத்து வாங்கின புதுசு ஓடலைன்னா நீ வேலைக்கே வராதே" என்றிருந்தார் நூலகச் செயலாளர் தணிகாசலம். நல்ல நேரம் பார்க்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்காதவர். அவள் இரண்டு இயங்குதளங்களையும் கணினியில் ஏற்றிவிட்டு, திறப்புக்கு இந்த நேரத்தைச் சொல்லியிருந்தாள்.

அவர் புதியதைத் தட்டினார். திரையில் வெள்ளை வட்டம் சுழன்றது. மேலே மின்விசிறி சுழன்றது. வாசகர்களின் கண்கள் மெல்லச் சொருகின.

"சார், பத்தரைக்கு ராகுகாலம். மூணு நிமிஷம்தான் இருக்கு."

"எது சீக்கிரம் திறக்குமோ அதைப் போடும்மா!"

ஒரே நிமிடத்தில் லினக்ஸ் திறந்தது. தூக்கம் கலைந்தவர்கள் கைதட்டினார்கள்.

2020 ஜனவரி 6 அன்று கோமளவல்லியின் வேலை நிரந்தரமானது.