உழாதவர் வரிசை

முன்னொரு காலத்தில் குன்றையூர் நாட்டை உதயராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு நியாயமாகப் படும். ராஜாவுக்கு இது பொல்லாத வியாதி.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பாதி வயல்தான் விளைந்தது. களஞ்சிய அதிகாரி தாண்டவராயர் ராஜாவின் காதைக் கடித்தார். கொல்லன், குயவன், வண்ணான் என்று ஏர் பிடிக்காத பலர் களத்து நெல்லில் பங்கு வாங்கிச் சும்மா தின்கிறார்களாம். வெள்ளச்சி என்ற விதவைக்குக்கூட ஒரு பங்கு போகிறதாம். உழுதவருக்கு மட்டும்தான் நெல் என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டான். வெள்ளச்சிக்கு அந்தப் பங்கை விட்டால் வேறு கஞ்சி இல்லை.

மந்திரி மாசிலாமணி எதிர்த்துப் பேசவில்லை. ராஜாவே களத்துக்கு வந்து இதை நடத்தித்தர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

களத்தில் உழுதவர்கள் கிழக்கே போய் நின்றார்கள், மற்றவர்கள் மேற்கே. மந்திரி நேராக மேற்கே நடந்து, வண்ணானுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"மகாராஜா, நம்முடைய இடம் இது" என்றார்.

ராஜாவின் முகம் கறுத்தது. ஆனால் உத்தரவு அவனுடையது. பல்லக்கிலிருந்து இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றான். தாண்டவராயரும் வேறு வழியில்லாமல் அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

அவரவர் வேலையைச் சொல்லட்டும், உழுதவர்கள் தலையசைத்தால் பங்கு உண்டு என்றார் மந்திரி. கொல்லன் ஏருக்குக் கொழு அடித்ததைச் சொன்னான்; தலையசைத்தார்கள். குயவனுக்கும் வண்ணானுக்கும் அப்படியே. வெள்ளச்சி வாயே திறக்கவில்லை. முந்தின வருஷம் ஏரிக்கரை உடைந்தபோது உடைப்பை அடைக்க இறங்கிச் செத்தவன் அவள் புருஷன். அவன் காத்த தண்ணீரில் விளைந்த நெல்தான் இது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

தாண்டவராயரின் முறை வந்தது. "யார் சும்மா சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறேன்" என்றார். ஒரு தலையும் அசையவில்லை.

"நான் உங்களைக் காக்கிறேன்" என்றான் ராஜா. உழுதவர்கள் பயந்து தரையைப் பார்த்தார்கள்.

வெள்ளச்சிதான் பேசினாள். "ஏரி ஒடைஞ்ச அன்னிக்கு அரமன வாசல்ல நின்னு கத்துனோம் சாமி. ராசா தூங்குறாருன்னு வெரட்டிட்டாங்க."

ராஜாவுக்கு அது அன்றுவரை தெரியாது. தெரியாமல் இருந்ததே அவனைக் குத்தியது.

"என் பங்கை அளக்காதீர்கள்" என்றான். களஞ்சியச் சாவியை வாங்கிக்கொண்டு, தாண்டவராயரை ஏரிக்கரைக்கு மண் சுமக்க அனுப்பினான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மாசிலாமணி கை நீட்டவில்லை. "நானும் இன்னும் என் வேலையைச் சொல்லவில்லை, மகாராஜா" என்றார்.

மறுவருஷ அறுவடைக்கு ராஜா சொல்லாமலே வந்து மேற்கு வரிசையில் நின்றான். "கரையைக் கட்டிவிட்டேன். அரண்மனை வாசலில் இப்போது காவல் இல்லை" என்றான். உழுதவர்கள் தலையசைத்தார்கள். ராஜா வெள்ளச்சியைப் பார்த்தான். அவளும் தலையசைத்த பிறகுதான் அவன் பங்குக்கு மரக்கால் நெல்லில் இறங்கியது.