எலுமிச்சம்பழம் நின்ற இடம்

சுள்ளிமேட்டு ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான்.

அந்த ஊர் மருதாசலத்துக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர் அங்கப்பன் மாமா. மலை ஏறுவதென்றால் அவருக்குக் கிறுக்கு. "மொட்டக்கரட்டு உச்சியில எனக்குச் சுடச்சுட உப்புமா கிண்டிப் போடு. போட்டீன்னா பூவாத்தா உனக்கு. இல்லீன்னா வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். மாமாவின் மகள் பூவாத்தாள் என்றால் மருதாசலத்துக்கு உயிர்.

காட்டுக்குள் விறகு மூட்டக் கூடாது. அதனால் மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் ஒரு குட்டி கேஸ் அடுப்பு வாங்கினான். சின்ன கேஸ் டப்பாவின் தலையில் திருகினால் அடுப்பு, கழற்றினால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். கடைக்காரர் மூன்று விஷயம் சொன்னார். "சமதரையில வைங்க. காத்து படாம பாத்துக்குங்க. எரியறப்ப விட்டுட்டு எங்கயும் போயிராதீங்க."

மருதாசலம் அதை வழியெல்லாம் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே மலை ஏறினான். கூடவே அவன் கூட்டாளிகள் சென்னியப்பனும் நாச்சிமுத்துவும். பின்னால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மாமா.

உச்சியில் ஒரு பாறை. "இது சமமாத்தான் இருக்குதா?" என்றான் மருதாசலம்.

புது அடுப்புக்குச் சுற்றிப் போட எடுத்து வந்த எலுமிச்சம்பழத்தை நாச்சிமுத்து பாறைமேல் வைத்தான். அது உருண்டது.

"சமமில்லை" என்றான் சென்னியப்பன்.

பழம் நிற்காமல் சரிவில் இறங்கி ஓடியது. மருதாசலம் பிடிக்கப் போனான். நாச்சிமுத்து தடுத்தான். "உட்ரு. அது சமதரையத் தேடித்தான் போகுது. எங்க நிக்குதோ அங்க அடுப்ப வெச்சுக்கலாம்."

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று பேரும் பழத்தின் பின்னால் இறங்கினார்கள். அது ஒரு முள்ளுப் புதரில் மாட்டியது. அது நின்றதா, நிறுத்தப்பட்டதா என்று உட்கார்ந்து பேசி, நிறுத்தப்பட்டதுதான் என்று முடிவு செய்து, எடுத்து மறுபடியும் உருட்டிவிட்டார்கள். கடைசியில் அது அடிவாரத்து பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் மாமா. "ஏண்டா, மேல இல்ல கேட்டேன்?"

"மேல வெச்சா சாஞ்சுருமுங்க மாமா."

மாமா யோசித்தார். "அதுவும் நாயந்தான்" என்று திண்டில் உட்கார்ந்தார்.

அடுத்து காற்று. சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் வேட்டியை அவிழ்த்து, ஆளுக்கொரு பக்கம் திரையாகப் பிடித்து, பட்டாபட்டி டவுசரோடு நின்றார்கள். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் தள்ளிப் போய் நின்றார்கள். உப்புமா வெந்தது. மாமா நாலு தடவை வாங்கித் தின்று ஏப்பம் விட்டார்.

"கல்யாணம் உறுதி. எந்திரிங்க மாப்பிள்ளை, ஊருக்குப் போலாம்."

மாப்பிள்ளை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. "வர முடியாதுங்க மாமா. அடுப்பு எரியுது. எரியறப்ப விட்டுட்டுப் போகக் கூடாதுங்க."

"அணைச்சுரலாமே?" என்றான் சென்னியப்பன்.

"அணைக்கச் சொல்லி அவரு சொல்லவே இல்லையே" என்றான் மருதாசலம்.

மாமாவுக்குப் புல்லரித்தது. அடுப்பையே விட்டுப் போகாதவன் பெண்டாட்டியை விட்டுப் போவானா? உடனே மகளுக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளையால நகர முடியாது. கல்யாணம் இங்கயே. அக்கினியும் ரெடியா இருக்குது. மஞ்சக்கயித்த எடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல வா. கேஸ் தீர்றதுக்குள்ள வந்துரு."

பூவாத்தாள் வந்து இறங்கினாள். டவுசரோடு நின்ற இரண்டு பேரைப் பார்த்தாள். நடுவில் அடுப்புக்குக் காவல் இருந்த மருதாசலத்தைப் பார்த்தாள். குனிந்து அடுப்பின் குமிழைத் திருகினாள். அணைந்துவிட்டது.

மாமாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. புள்ளைக்கு இன்னும் வெவரம் பத்தலை."

"அதனாலென்னங்க மாமா, நான் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று மருதாசலம் பெருந்தன்மையாகச் சொல்லி, அடுப்பைத் திரும்பவும் பற்றவைத்தான்.

வந்த பஸ் திரும்பி நின்றுகொண்டிருந்தது. பூவாத்தாள் அதிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் உறுமியது.

"மாப்பிள்ளை, பொண்ணு போகுது, ஓடிப் போயிப் புடிங்க" என்றார் மாமா.

மருதாசலம் பஸ்ஸையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "எப்படிங்க மாமா போறது? இப்பத்தான பத்தவெச்சேன்."

பஸ் வளைவில் மறைந்தது. "இத்தனை பொறுப்பான மாப்பிள்ளை கெடைக்கறது குதிரைக்கொம்பு. அவளுக்குத்தான் குடுத்து வெக்கலை" என்று மாமா பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்து, தன் வேட்டியையும் அவிழ்த்து, காற்று வந்த மூன்றாவது பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.